பழைய சாரத்தில் முறுக்கிய கயிறு

கனமூலையில் நான் சிறுவனாகத் திரிந்த காலத்தில், எங்கள் வளவுக்கு நாலு வளவு தள்ளி ஒரு வேப்பமரம் நின்றது. அதன் அடியில் எப்போதும் ஒரு கயிறு கட்டியிருக்கும். மாட்டுக்கயிறு இல்லை. பழைய சாரத்தை நீளநீளமாகக் கிழித்து மூன்று புரியாக முறுக்கிய துணிக்கயிறு. அதன் மறுமுனை என் வயதுப் பையன் ஒருவனின் இடுப்பில் இருக்கும். அவன் மணலை அள்ளி விரல் இடுக்குகளால் வழியவிட்டு, வழிவதையே பார்த்துக்கொண்டிருப்பான். மதியப் பாங்கு கேட்டதும் தலையைத் தூக்கி, அந்த ராகத்தைப் பிசகாமல் முனகுவான். ஒரு சொல் பேசமாட்டான். ஊர் அவனை 'ஊமையன்' என்றது. முழுப் பாங்கையும் ராகத்தோடு முனகுகிறவன் எப்படி ஊமையாவான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தும்புக்கயிறு தோலை அறுக்கும் என்பதற்காகத்தான் சாரத்தைக் கிழித்தாளாம் அவனுடைய உம்மா. "எண்ட புள்ளய மாடு மாதிரிக் கட்டி வெச்சிருக்கேண்டு ஊரெல்லாம் பேச்சு. தண்ணியக் கண்டா அவன் நிக்கமாட்டான். நான் என்ன செய்ய?" என்று அவள் என் உம்மாவிடம் அழுததைக் கேட்டிருக்கிறேன். அதில் கேள்வியும் பதிலும் இருந்தன என்பது எனக்கு விளங்க முப்பது வருடம் எடுத்தது.

தண்ணீரைப் பற்றி அவள் பயந்தது வீண் பயம் இல்லை. மதுரங்குளிச் சந்தியில் கொழும்பு–புத்தளம் வீதியை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கினால், விருதோடை, கனமூலை, நல்லாந்தழுவை என்று ஊர்கள். தென்னந்தோட்டமும் மணலும் போக, மிச்சமெல்லாம் தண்ணீர்தான். களப்பு ஒரு பக்கம், ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் ஒரு பக்கம். வளவுக்கு ஒரு கிணறு; பல கிணறுகளுக்குக் கட்டுக்கூடக் கிடையாது. 1980களில் இறால் பண்ணைகள் வந்து புத்தளம் மாவட்டக் கரையோரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைக்காரர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டு போனார்கள். இறால் செத்ததே தவிர, வெட்டிய குழி தூரவில்லை. கைவிட்ட குளங்களில் மழைநீர் நின்றது. சாதாரணப் பிள்ளை ஒன்று கரையில் நின்று கல்லெறியும். வெயிலில் மினுங்கும் தண்ணீரைப் பார்த்தால் உலகமே மறந்துபோகிற பிள்ளைக்கு அது கண்ணாடி விரித்த மாதிரி.

அந்தக் காலத்தில் அவனுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டார்கள் என்று சொன்னால் பொய். ஓதிப் பார்த்தார்கள். ஓதிய தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். கறுப்பு நூல், தாயத்து, வேறு ஊர்ப் பரிசாரி, கடைசியாகக் கொழும்புக்குப் போய் ஒரு பெரிய டொக்டர். டொக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "வளர வளரச் சரியாகும்" என்றாராம். பரிசாரி மட்டும் நிச்சயமாகச் சொன்னார்: ஜின்.

இதைக் கேட்டு இன்றைக்குச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற மனநல வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் என்ற நிலையை உலகம் அதிலிருந்துதான் தனியாக அடையாளம் காணத் தொடங்கியது. பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்த அதே மனிதர், பெற்றோர்களிடம் சூடு குறைவு என்றும் எழுதிவைத்தார். அந்த ஒரு வரி வளர்ந்து, தாயின் அன்பு உறைந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்ற கொள்கையாயிற்று. சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். எங்கள் பரிசாரி ஜின்னைக் குற்றம் சொன்னார். சிக்காகோப் பேராசிரியர் பெற்றவளைக் குற்றம் சொன்னார். இரண்டில் பரிசாரியின் பேச்சுத்தான் தாய்க்குக் கொஞ்சம் இரக்கமானது என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பழியை உடைக்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள்தான். அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லாண்ட் உளவியலாளர், ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பன்; 1964இல் அவர் எழுதிய நூல் தாய்மேல் இருந்த குற்றச்சாட்டை அடியோடு மறுத்தது. இங்கிலாந்தில் லோர்னா விங் மனநல வைத்தியர், ஓட்டிசம் உள்ள மகளின் தாய்; 1962இல் பெற்றோர்கள் தொடங்கிய சங்கத்தில் முன்நின்றவர். இது கதவுக் கதவாக, கந்தோர் கந்தோராக, வருடக்கணக்கில் அலைகிற வேலை. யாரும் இதைப் படித்து, விண்ணப்பம் போட்டுச் சேர்ந்ததில்லை. வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது. அது வாழ்நாள் வேலையாகிவிட்டது.

நமக்குப் பக்கத்தில் இதற்குச் சரியான உதாரணம் டில்லியில் இருக்கிறார். மெர்ரி பரூவாவும் ஓட்டிசம் உள்ள மகனின் தாய். 1991இல் 'ஆக்ஷன் ஃபோர் ஓட்டிசம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவில் அப்போது இந்தச் சொல்லை அறிந்த வைத்தியர்களே கொஞ்சப்பேர். பிள்ளைக்குப் புத்தி குறைவு என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் பள்ளி தொடங்கினார், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார். அது ஒரு பாதி. மறு பாதி சட்டத்தோடு மல்லுக்கட்டுவது. 1995இல் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தபோது ஏழு வகைக் குறைபாடுகளை அதில் எழுதினார்கள். ஓட்டிசம் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தச் சொல் ஏறியது. 2016இல் வந்த புதிய உரிமைச் சட்டம் ஏழை இருபத்தொன்றாக்கி, அதிலும் சேர்த்துக்கொண்டது. 1991 எங்கே, 2016 எங்கே. அவர் தொடங்கியபோது பிறந்த பிள்ளைக்கு 25 வயது.

இலங்கைச் சட்டம் வேறு மாதிரி. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பட்டியல் போடவில்லை. அங்கவீனத்தைக் காரணம் காட்டி வேலையிலோ பாடசாலையில் சேர்ப்பதிலோ ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. 2016இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தையும் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டம் வந்த அதே 1996இல் வேப்பமரத்துக் கயிறு இருந்தபடியேதான் இருந்தது. உம்மா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதும் உம்மும்மாவின் கைக்கு மாறியிருந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

உண்மையில் எங்கள் நாட்டில் மாற்றம் தொடங்கியது சட்டத்திலிருந்தல்ல, கிளினிக்கிலிருந்து. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் உளமருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் இருந்தவர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசம் என்பது அதன் முடிவு. இந்த 93ஐ இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: பரிசோதித்த பிள்ளைகள் 374, உறுதியானவர்கள் நாலு பேர். நாலு பிள்ளைகளின் தோளில் ஒரு நாட்டின் கணக்கு நிற்கிறது.

எனக்கு அந்த எண்ணைவிட, அதே ஆய்வில் தோற்றுப்போன கேள்வித்தாள்தான் பெரிது. வெளிநாட்டில் தயாரித்து இங்கே மொழிபெயர்த்த கேள்விகள் அவை. பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா என்ற வகைக் கேள்விகள். உண்மையில் ஓட்டிசம் இருந்த பிள்ளைகளில் காற்பங்கைத்தான் அவை பிடித்தன. எங்கள் உம்மாமாரை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோட்டு முன்னால், 'உங்கள் பிள்ளை இப்படிச் செய்யுமா' என்று கேட்டால், 'செய்யும் மிஸ், செய்யும்' என்பதுதான் வாயில் வரும். பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? பிறகு 2017இல் பெரேராவின் குழு படங்களால் ஆன ஒரு சோதனைத் தாளை வெளியிட்டது. கேள்விக்குப் பக்கத்தில் அந்த நடத்தையைக் காட்டும் படமும் இருக்கும். தாய் படத்தைப் பார்த்து, 'இது எண்ட புள்ளதான்' என்று சொல்லிவிடுகிறாள். வாய்க் கேள்வி பிடிக்காததைப் படம் பிடித்தது. மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. தாயின் வெட்கத்தைப் புரிந்துகொண்ட ஒரு தாள்.

சொற்களும் மாறின. 'மதியிறுக்கம்' என்று ஒரு தமிழ்ச் சொல் உண்டு, பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மதி எங்கே இறுகியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கிரேக்கத்தில் 'தான்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது ஓட்டிசம். ஊர்ச்சனம் அதைக் கிளினிக்கில் கேட்டபடியே வாங்கிக்கொண்டது. மூளை வளர்கிற விதத்திலேயே பிறவியில் உள்ள ஒரு வேறுபாடு என்று மிட்வைஃப் மிஸ் சொன்னால் கேட்கிற காதுகள் இப்போது இருக்கின்றன. ஜின் முற்றாக ஊரைவிட்டுப் போய்விடவில்லை. ஆனால் இப்போது இரண்டும் நடக்கிறது: காலையில் கிளினிக், மஃரிபுக்குப் பிறகு ஓதிப்பார்த்தல். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, கிளினிக்கை நிறுத்தாதவரைக்கும்.

கிளினிக் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் அரிது. பேசாத பிள்ளைக்குப் பேசப் பழக்குகிறவர் அந்தப் பிள்ளையின் வீட்டு மொழியைப் பேசாவிட்டால் என்ன பழக்குவது? களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையில் பட்டம் அங்கே கொடுக்கிறார்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கான 'ஆயத்தி' நிலையமும் அங்கேதான். தற்செயலாக, புத்தளம் ரயில் பாதை பிரிகிற சந்தியும் ராகமைதான். மதுரங்குளியில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். ஆனால் நூறு கிலோமீற்றர் அளவு தூரம், அந்தச் சத்தம், அந்த நெரிசல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுகிற பிள்ளை, 'பிள்ளை வளர்க்கத் தெரியாதா' என்று பார்க்கிற கண்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், விடியற்காலை ரயிலில் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். அங்கே ஆட்கள் குறைவு என்பதற்காக அல்ல. கதவுப் பக்கம் போகாமல் மறித்து உட்கார அங்கே ஒரு மூலை இருக்கிறதாம்.

பாதுகாப்பு என்ற இடத்துக்கு மறுபடி வருகிறேன். சுற்றிச் சுற்றி எல்லாம் அங்கேதான் வருகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியேறிப் போவதை அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2012இல் வெளியிட்டார்கள். நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது அப்படிப் போக முயன்ற பிள்ளைகள் 49 சதவீதம். ஏறத்தாழப் பாதி. அதே நாட்டில் 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்றது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. கிழித்த சாரம் நினைவுக்கு வந்தது. எந்த ஆய்வையும் படிக்காமல், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத ஒரு பெண், தன் ஒற்றைப் பிள்ளையைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருந்தாள்.

அவளுக்கு நோய் பிடிபட்டது, ஆனால் கயிறு அதற்கு வைத்தியம் அல்ல. இந்த இடத்தில்தான் உரிமைக்காகப் பேசுகிறவர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. அமெரிக்காவில் பெற்றோர் அமைப்புகள், பிள்ளை வெளியேறிப் போவதற்கு வைத்தியப் பதிவில் தனிக் குறியீடு வேண்டும் என்று கேட்டன. 2011 ஒக்டோபரில் அது நடைமுறைக்கும் வந்தது. ஓட்டிசம் உள்ளவர்களே நடத்துகிற அமைப்பு ஒன்று அதைக் கடுமையாக எதிர்த்தது. இன்றைக்குக் குறியீடு, நாளைக்கு அதைக் காட்டிப் பூட்டும் கட்டும் என்பது அவர்களின் பயம். சத்தம் தாங்காமல், அடி தாங்காமல் ஒருவன் எழுந்து போனால், அதையும் நோய் என்று எழுதிவிடுவார்களே என்றார்கள். இரு பக்கமும் உண்மை இருந்தது. நியூயோர்க்கில் 2013இல் பாடசாலையை விட்டு வெளியேறிய பதினான்கு வயதுப் பையன் சில மாதங்கள் கழித்து ஆற்றில் பிணமாகக் கிடைத்தான். அவன் பெயரையும், அதேபோல் ஆற்றில் மூழ்கிய இன்னொரு சிறுவன் பெயரையும் சூட்டி, 2018இல் கெவின் அவாண்டே சட்டம் வந்தது. காணாமற்போனால் தேடுவதற்கும், பொலிஸாரைப் பழக்குவதற்கும் பணம் ஒதுக்குகிற சட்டம்.

பொலிஸ் என்றதும் தர்கா நகரைச் சொல்லாமல் முடியாது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு. அளுத்கமைக்குப் பக்கத்தில் தர்கா நகரில் ஓட்டிசம் உள்ள பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வீட்டாருக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சோதனைச் சாவடியில் பொலிஸார் மறித்தார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கட்டிவைத்து அடித்தார்கள் என்பது குடும்பத்தின் முறைப்பாடு. தகப்பன் அதை வெளியே சொன்னபோது நாடே பேசியது, விசாரணைகள் நடந்தன. கனமூலையில் அன்றைக்கு ஒவ்வொரு கடைவாசலிலும் இதே பேச்சு. எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தால்? என்னால் ஒரு சொல்லைக் கடந்து போக முடியவில்லை: கட்டிவைத்து. வேப்பமரத்தில் உம்மா கட்டியது பிள்ளை சாகாமலிருக்க. சாவடியில் கட்டியது யாரைக் காக்க?

இந்த வேலையை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் முப்பது நாற்பது வருடமாகச் சொல்லிவருவது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பிள்ளையைச் சுற்றி வேலி போடுகிற பாதுகாப்பு ஒன்று. பிள்ளையைச் சுற்றி இருக்கிற சனத்துக்குச் சொல்லிக்கொடுக்கிற பாதுகாப்பு இன்னொன்று. முதலாவது மலிவு. இரண்டாவதற்குப் பொலிஸ்காரரில் இருந்து த்ரீவீல்காரர்வரை ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச வேண்டும்: கத்தாதீங்க, திடீரெண்டு தொடாதீங்க, ஒரு கேள்வி கேட்டுட்டுக் கொஞ்சம் பொறுங்க, கண்ணப் பாக்கல்லண்டா கள்ளன் எண்டு நினைக்காதீங்க.

அன்றைக்கு எல்லாம் இருட்டு, இன்றைக்கு வெளிச்சம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் மதில் கிடையாது, கிடுகு வேலிதான். ஒரு பிள்ளை நடந்து போனால் பத்து வீட்டுக் கண் பார்க்கும். 'ஊமையன்' பெரியவனானதும் அவனுடைய மாமா களப்புக்குக் கூட்டிப்போனார். நண்டு வலையில் சிக்கெடுப்பது பொறுமை கேட்கிற வேலை. மற்றவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒளிந்துகொள்வார்கள். அவன் மணலை வழியவிட்ட அதே விரல்களால் மணிக்கணக்காக உட்கார்ந்து கண்ணி கண்ணியாக எடுப்பான். பங்கு மீன் கிடைக்கும். விசேட கல்வி அலகும், உள்ளடங்கல் கல்வி என்ற பெயரும் இல்லாமலேயே அவனுக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது ஐம்பதை நெருங்குகிறான். இன்னமும் வலையோடுதான்.

இன்று ஓட்டிசம் என்று ஆறு வயதிலேயே எழுதித்தரப்பட்ட பிள்ளைக்குப் பாடசாலையின் அலகு உண்டு, கிளினிக் அட்டை உண்டு. பதினாறு வயதுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஊரில் மதில்கள் எழும்பிவிட்டன. மதிலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. இடுப்புக் கயிறு போய், சில வீடுகளில் பூட்டிய அறையும் கையில் ஒரு ஃபோனும் வந்திருக்கின்றன. அதை யாரும் கயிறு என்று சொல்வதில்லை.

ரயிலின் கடைசிப் பெட்டித் தாயின் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. அவனும் தண்ணீர்ப் பைத்தியம். அவள் ஒவ்வொரு சேட்டின் கொலருக்குள்ளும் தன் ஃபோன் நம்பரை நூலால் தைத்திருக்கிறாள். சந்திக் கடைகளுக்கு அவளே போய் அவனைக் காட்டி, பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். முதல்நாள் வெட்கமாக இருந்ததாம், மூன்றாம் கடையில் போய்விட்டதாம். இரண்டு மாதத்துக்கு முன் அவன் கதவைத் திறந்து போனபோது, கோழிக்கடைக்காரர் பின்னாலேயே நடந்தார். பிடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பினால் மட்டும் குறுக்கே போய் நின்றாராம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்க முன்னரே உம்மா வந்து சேர்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு முடிவெடுத்தாள். தண்ணீரை விட்டு அவனைத் தடுக்க முடியாது, அப்படியென்றால் தண்ணீரைப் பழக்க வேண்டும். நீச்சல் சொல்லிக்கொடுக்க எங்கும் இடமில்லை. எனவே வெள்ளிக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், அவளுடைய தம்பி அவனைக் களப்பின் ஆழமில்லாத பக்கம் கூட்டிப்போகிறான். போன வாரம் நானும் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீர். வலைக்காரர் இரண்டு பேர் ஓடத்திலிருந்து பார்த்துச் சிரித்தார்கள்; ஒருவர், 'தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லு தம்பி' என்று கத்தினார். மிதக்க இன்னும் வரவில்லை. முகம் தண்ணீருக்குள் போனால் எழும்பிக் கையை அடிக்க மட்டும் வந்துவிட்டது.